ஒரு ‘ங்க’ செய்த வேலை

மேடையில் எங்களுக்குப் போட்டிருந்த மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். துணி முன்பக்கம் தரைவரை தொங்கியதால், சபையில் இருந்த யாருக்கும் நங்கையின் கைகள் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரிந்தது. மடியில், சேலை மடிப்பின்மேல், பத்து விரல்களும் டைப் அடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தன.

“அந்தக் காலத்து கிராமபோன், அரக்குத் தட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்?” என்று கேட்டார் கேள்வி கேட்பவர்.

நங்கையின் வலது கை ஆள்காட்டி விரல் எம்பி ஒரு தட்டு. நடுவிரல் ஒரு தட்டு. பிறகு என் காதருகே குனிந்தார்.

“எழுவத்தெட்டுங்க அம்மணி.”

நான் மைக்கைப் பிடித்து, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி, “எழுபத்தெட்டு!” என்றேன். அரங்கம் கைதட்டியது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் அந்தக் கைதட்டலை நானே வாங்கிக்கொண்டேன். எனக்குப் பத்தொன்பது வயது.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீளமேட்டில் ஒரு கல்லூரி ஆடிட்டோரியம். போன வாரம் இதே பத்தியில், துடியலூரில் அப்பா நடத்திய லேத் பட்டறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “அவ்வளவு பிடிவாதக்காரரை உங்கள் வீட்டில் யாருமே எதிர்த்துப் பேசியதில்லையா?” என்று கேட்டிருக்கிறார். ஒருவர் பேசினார். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பேச்சு. அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஆரம்பித்தேன்.

நாய்க்கும் மரியாதை

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். என் நங்கையின் பெயர் சுமதி. சென்னிமலைக்காரர். பிறந்த வீட்டில் இரண்டு பெட்ஷீட் தறிகள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும், அதன் மேல் கட்டிய நாலு பெட்ஷீட்டும், கணக்கில்லாத ‘ங்க’வும் கொண்டுவந்தார்.

கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோருமே ‘ங்க’ போடுகிறவர்கள்தான். ஆனால் நங்கை அதில் வேறு ரகம். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், எனக்கே “வாங்க அம்மணி, சாப்டுங்க அம்மணி” என்பார். பட்டறை வாசலில் கறுப்பன் என்று ஒரு சோம்பேறி நாய் கிடக்கும். ஒருநாள் கோலம் போட வந்த நங்கை அதனிடம், “ஏனுங்க, கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கறீங்களா?” என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். நாய் தள்ளிப் படுத்தது என்பது வேறு விஷயம்.

அப்பா இதற்கு நேர் எதிர். பட்டறைக்கு இரும்பு கொண்டுவரும் வியாபாரிக்கு ஒரே பேச்சில் மூன்று ‘ங்க’ போடுவார். வீட்டுப் பெண்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவுக்கு “ஏய்”, எனக்கு “கண்ணு”, நங்கைக்கு “ஏம்மா”. அவ்வளவுதான் அவர் கையிருப்பு.

விரலில் தங்கிய சங்கதிகள்

அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பொது அறிவுப் பைத்தியம் பிடித்துத் திரிந்தது. டவுன்பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திடீரென்று திரும்பி, “உலகத்துலயே பெரிய தீவு எது, சொல்லுங்க பார்க்கலாம்?” என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது தலைநகரங்களைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நானும் ஒரு தடித்த கைடு வாங்கி வைத்துக்கொண்டு, எல்லோரையும் கேள்வி கேட்டுத் தொல்லை செய்துகொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அம்மா அடுப்படியில். நங்கை அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கைடைப் பிரித்து, அம்மாவைச் சீண்டுவதற்காக, “பேரு வட்டம், ஆனா நாலு மூலையும் இருக்கும். எந்த வெளையாட்டுக் களம்?” என்று கேட்டேன்.

“எனக்கு உலை கொதிக்குது, போடி” என்றார் அம்மா.

“பாக்சிங் ரிங்குங்க அம்மணி” என்றது அவரைக்காய்ப் பக்கமிருந்து ஒரு குரல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அடுத்ததைக் கேட்டேன். டென்னிஸில் பூஜ்யத்துக்கு என்ன பெயர்? “லவ்வுங்க.” அம்மா திரும்பி முறைத்தார். ஸ்நூக்கரில் கறுப்புப் பந்துக்கு எத்தனை பாயிண்ட்? “ஏழுங்க.” டைப்ரைட்டரின் மேல்வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து அடிக்கக்கூடிய நீளமான ஆங்கிலச் சொல்? “டைப்ரைட்டருங்க. அந்த மெஷின் பேரேதானுங்க.”

நான் அதை நம்பாமல் ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவர் தட்டில் போட்ட தோசையைத் தின்றுகொண்டு, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“பாட்டும் ஆட்டமுமா நாடகம் போடுவாங்களே மேல்நாட்டுல. அதுல வாத்தியக்காரங்க மேடைக்கு முன்னால எங்க உக்காருவாங்க?” என்று கேட்டேன்.

“பிட்டுங்க” என்றார் நங்கை.

“பிட்டெல்லாம் வேண்டாங்க நங்கை, பரீட்சையில பிடிச்சா வெளிய அனுப்பிருவாங்க” என்றேன். எங்கள் கல்லூரியில் பிட் என்றால் பரீட்சைக்கு ஒளித்து எடுத்துப்போகும் துண்டுக் காகிதம். நங்கை சிரித்துவிட்டார். மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயராம்.

இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். படிக்கவில்லை, அடித்தேன் என்றார்.

பிளஸ் டூ முடித்து, கல்யாணம் ஆகும்வரை மூன்று வருடம், சென்னிமலையில் மலை ஏறும் பாதைக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போயிருக்கிறார். ஆங்கிலத்திலும் தமிழிலும் லோயர், ஹையர் எல்லாம் பாஸ். அங்கே இருந்த மாஸ்டருக்கு வழக்கமான பாடப் புத்தகம் பிடிக்காது. பழைய ஆங்கில இதழ்களில் இருந்து ஒரு பத்தி விளையாட்டு, ஒரு பத்தி நாடகம், ஒரு பத்தி விஞ்ஞானம் என்று கத்தரித்து, அட்டையில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பிழைகூட இல்லாமல் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்.

“அடிச்சதெல்லாம் வெரல்லயே தங்கிப்போச்சுங்க அம்மணி. யாராச்சும் கேட்டா வெரல் பாட்டுக்கு அடிக்குதுங்க. அது அடிக்கறத நான் உள்ளார படிச்சுக்கறேன்.”

அப்போதுதான் கவனித்தேன். நார் எடுக்கும் கை நின்று, விரல்கள் அவரைக்காய்மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

கப்பு வந்தால் கம்ப்யூட்டர்

நங்கைக்கு ஓர் ஆசை இருந்தது. காந்திபுரத்தில் ஓர் இடத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடப் படிப்பு, தினமும் காலையில் வகுப்பு. ஒருமுறை அண்ணனோடு ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனபோது நங்கை முதன்முதலாகக் கம்ப்யூட்டரைப் பக்கத்தில் பார்த்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்ததும் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

“எல்லா எழுத்தும் அதது எடத்துலயே இருந்துச்சுங்க அம்மணி. நம்ம மெஷின்ல இருந்த அதே எடம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துபோச்சுங்க.”

அப்பாவிடம் மூன்று தடவை கேட்டார். முதல் தடவை அப்பா பதிலே சொல்லவில்லை. இரண்டாம் தடவை, “டைப் அடிச்சது பத்தாதா?” என்றார். அண்ணன் நல்லவன்தான், ஆனால் அப்பா முன்னால் அவன் வாய் வேலை செய்யாது. மாதக் கடைசியோடு சேர்க்கை முடிகிறது, விட்டால் அடுத்த வருடம்தான்.

மூன்றாம் தடவை கேட்டபோது, பீளமேட்டில் ஒரு சங்கம் நடத்தும் குடும்பப் பொது அறிவுப் போட்டியின் நோட்டீஸை நான் கையில் வைத்திருந்தேன். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓர் அணி. அப்பா அதை வாங்கிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் போய் இதுல கப்பு வாங்கிட்டு வரணும். வாங்கிட்டு வந்தா இவ காந்திபுரம் போகட்டும். இல்லேன்னா இந்தப் பேச்சை இந்த ஊட்ல எடுக்கக் கூடாது.”

பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை கப்பு என்பது வேறு வீட்டு அலமாரிகளில் இருக்கும் சாமான். ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நங்கை அன்று ராத்திரிச் சமையலில் உப்பே போடவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

பிராட்வே எந்த ஊரில்?

முதல் சுற்றில் முப்பது அணிகளுக்கு மேல். எழுத்துத் தேர்வு. நங்கை சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கை வலித்தது. இறுதிச் சுற்றுக்கு மூன்று அணிகள் வந்தோம். நாங்கள் ஒன்று. கோயமுத்தூரிலேயே உள்ள ராமநாதபுரத்திலிருந்து ஒரு பேங்க் ஆபீசரும் அவர் மனைவியும். கோட்டைமேட்டில் ஜவுளிக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், பெரியவர் பெயர் ஜமால்.

விதிமுறையைக் கேளுங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. மைக்கில் அணித்தலைவர் மட்டும்தான் பேசலாம். அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்தான் கணக்கு. சரியான பதிலுக்குப் பத்து. தப்பென்றால் பத்து குறையும். தெரியாவிட்டால் பாஸ் என்று சொல்லலாம். அதற்குக் குறையாது, கேள்வி அடுத்த அணிக்குப் போகும்.

தலைவர் நான்தான். காலேஜ் படிக்கிற பெண் என்று படிவத்தில் என் பெயரை முதலில் எழுதியிருந்தேன். நங்கை ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் டைப் அடிக்கக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“பாட்டு நாடகங்களுக்குப் பேர்போன பிராட்வே எந்த ஊரில் இருக்கிறது?” என்று பேங்க் ஆபீசரிடம் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “மெட்ராஸ்! நான் அங்கதானே ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன்” என்றார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. கேள்வி எங்களிடம் வந்தது. சேலை மடிப்பில் விரல்கள் ஓடின. “நியூயார்க்குங்க.”

ஓட்டை போட்ட அட்டையால் இயங்கி, பிற்காலக் கம்ப்யூட்டருக்கு வழி காட்டிய பழைய இயந்திரம் எது என்று கேட்டார்கள். “ஜக்கார்டு தறிங்க.” தந்தியில் ஆபத்து என்று அறிவிக்க எத்தனை புள்ளி, எத்தனை கோடு? “மூணு புள்ளி, மூணு கோடு, திருப்பி மூணு புள்ளிங்க.” விளையாட்டு, நாடகம், பழைய மெஷின்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் நங்கை ஏற்கெனவே அங்கே போய் வந்திருந்தார். நான் கேள்வியைக் காதில் வாங்குவதை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்க்க ஆரம்பித்தேன். விரல் அசைந்தால் பதில் இருக்கிறது. அசையாவிட்டால் இல்லை. இரண்டு தடவை அசையவில்லை, இரண்டு தடவையும் பாஸ் சொன்னேன், இரண்டு தடவையும் நங்கைக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

கடைசிச் சுற்று சொல் விளையாட்டு. கடைசிக் கேள்வி எங்களுக்கு. இடையில் கிடைத்த ஐந்து போனஸ் பாயிண்டால், கோட்டைமேட்டு அண்ணன் தம்பியைவிட ஐந்து முன்னால் இருந்தோம். சபையில் மூன்றாவது வரிசையில் அண்ணன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

இரண்டே எழுத்து

“இரண்டெழுத்துச் சொல். தறியில் பாவுக்குக் குறுக்கே ஓடும். காதலில் பொய்க்கோபம் கொள்ளச் சொல்லும். கடைசியில் ‘ஏ’ சேர்ந்தால் ‘நடுவே’ என்று பொருள் தரும். என்ன சொல்?”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் விலங்கியல் மாணவி. வழக்கப்படி நங்கையின் மடியைப் பார்த்தேன்.

விரல்கள் அசையவில்லை. பத்தும் சும்மா கிடந்தன.

நங்கை என் பக்கம் சாய்ந்தார். பின்னால் இருந்த பெரிய மின்விசிறி தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

“உடுங்க.”

இங்கே கொஞ்சம் நின்று எங்கள் பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வாயில் சில வார்த்தைகளின் தலையில் இருக்கும் ‘வ’ நிற்காது, கழன்று விழுந்துவிடும். வீடு எங்களுக்கு ஊடு. விடுங்க எங்களுக்கு உடுங்க. ஆக, நங்கை “விட்டுவிடுங்கள்” என்கிறார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். தப்பாகச் சொன்னால் பத்து போகும், கப்பும் போகும். பாஸ் சொன்னால் எங்கள் ஐந்து அப்படியே இருக்கும், ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் தெரியாவிட்டால் கப்பு நம்முடையது. அடேயப்பா, என்ன மூளை இந்த நங்கைக்கு என்று வியந்துகொண்டே மைக்கை எடுத்தேன்.

“பாஸ்!”

நங்கையின் கை என் முழங்கையைத் தொட்டது. தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டது.

கேள்வி அடுத்த மேசைக்குப் போனது. ஜமால் மைக்கைக்கூடத் தொடவில்லை. “ஊடுங்க” என்றார். “நீளநூலு பாவு, குறுக்குநூலு ஊடுன்னு சொல்லுவோமுங்க. எங்க கடையில தெனம் பேசறதுதானுங்க. ஊடல்ல வர்ற ஊடு, ஊடே போறதுல வர்ற ஊடு.”

சரியான பதில் என்று கேள்வி கேட்பவர் கையை உயர்த்தினார். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் மெதுவாக நங்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

“அதைத்தானுங்க அம்மணி சொன்னேன்” என்றார்.

அவர் சொன்னது உடுங்க இல்லை. ஊடுங்க. ஊடு என்ற பதில், பின்னால் வழக்கமான மரியாதை. தறி ஓடும் வீட்டில் பிறந்தவருக்கு அந்தச் சொல் எந்த அட்டையிலிருந்தும் வரவில்லை, வாயிலேயே இருந்திருக்கிறது. அதற்கு விரல் எதற்கு அசைய வேண்டும்? வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் “ஊடு” என்று மொட்டையாகச் சொல்லியிருப்பார், நான் அப்படியே மைக்கில் சொல்லியிருப்பேன்.

“நான் பாஸுன்னதும் ஏனுங்க நங்கை கையைப் பிடிச்சு இழுக்கல?”

“நீங்க ஏதோ கணக்குப் போட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க.”

அவர் மூளையை நான் வியந்தேன், என் மூளையை அவர் மதித்தார். நடுவில் நங்கையின் ஒரு வருடப் படிப்பு போய்விட்டது. மேடை என்றும் பாராமல் எனக்கு அழுகை வந்தது. நங்கை தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார், அவர் முகம் காய்ந்திருந்தது.

“கப்பு எங்க?”

இரண்டாம் பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான்தான். துடியலூர் வரும்வரை நங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்விட்டான், ஆனால் வீட்டில் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயில் இன்னும் வாசலில் இருந்தது. கேரியரை ஒரு பார்வை பார்த்தார்.

“கப்பு எங்க?”

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நங்கைக்குப் பதில் தெரியும், என் காதுதான் தப்பு, மைக் என் கையில் இருந்தது, தண்டனை எனக்குத்தான் தர வேண்டும். அம்மா நடுவில், “ஊட்டுக்குப் போலாம்னு சொன்னாளாக்கும்?” என்று வேறு கேட்டுக் குழப்பினார். அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“காது தப்போ வாய் தப்போ, கப்பு வரல. சொன்னது சொன்னதுதான். இனி அந்தப் பேச்சு வேண்டாம் கண்ணு.”

அண்ணன் தரையைப் பார்த்தான். நான் கேரியரைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நங்கை கூடத்தின் நடுவுக்கு வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை.

“மாமா, நான் நாளைக்குக் காந்திபுரம் போறேன். கம்ப்யூட்டர் கிளாசுல சேரப்போறேன்.”

பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் முடிந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்த ‘ங்க’ வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அம்மா கரண்டியோடு காத்திருந்தார், அண்ணன் காத்திருந்தான், அப்பா கழுத்தைச் சற்று முன்னால் நீட்டிக் காத்திருந்தார். வரவில்லை. நங்கை அதே இடத்தில் நின்று மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதுவரை பார்த்த எந்த மனிதரும் எனக்கு அவ்வளவு உயரமாகத் தெரிந்ததில்லை. பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார், பட்டறைக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால் எழுவது போல.

“சரிங்க” என்றார்.